ஆக்ட் அறிமுகப் பயிற்சி: காசு கட்டும் முன்னும் கட்டிய பின்னும் செய்ய வேண்டியவை

ஆக்ட் என்ற உளவியல் சிகிச்சை முறையைக் கற்க நான் மூன்று முறை பணம் கட்டினேன். முதல் முறை, அடிப்படை தெரிந்தவர்களுக்கான வகுப்பில் தெரியாமல் சேர்ந்து இரண்டு நாளும் பின்தங்கியே இருந்தேன். இரண்டாவது, முந்நூறு பேர் மைக்கை அணைத்துவிட்டு ஸ்லைடு பார்த்த சான்றிதழ் படிப்பு. மூன்றாவது பயிற்சியில்தான் இந்த முறை எனக்குக் கைவந்தது. மூன்றுக்கும் இடையே ஒன்றரை வருடம் போய்விட்டது. மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆலோசகராக இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் இளையவர்கள் வாரம் ஒருவராவது "அக்கா, ஆக்ட் எங்க படிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

தமிழில் இதை ஏற்பு மற்றும் ஈடுபாட்டுச் சிகிச்சை என்று எழுதுகிறார்கள். துறைக்குள் எல்லோரும் ஆக்ட் என்று ஒரே சொல்லாகத்தான் சொல்வார்கள். ஏ, சி, டி என்று எழுத்தெழுத்தாகச் சொல்லும் வழக்கம் இல்லை. மருத்துவ உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர், பள்ளி ஆலோசகர், மருத்துவர் ஆகியோருக்காக எழுதுகிறேன். உங்கள் சொந்த மனக்கஷ்டத்துக்கு உதவி தேடுகிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

1. இந்தப் பயிற்சி எதைத் தரும், எதைத் தராது

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆக்ட் சிகிச்சையாளர் என்று அதிகாரபூர்வமாக முத்திரை குத்தித் தரும் அமைப்பு உலகத்தில் எங்கும் கிடையாது. இந்த முறையின் சர்வதேசச் சங்கமான சூழல்சார் நடத்தை அறிவியல் சங்கம் 2005இல் தொடங்கியது. ஏசிபிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சிகிச்சையாளர்களுக்குச் சான்று வழங்குவதில்லை என்பது அந்தச் சங்கமே எடுத்த முடிவு. பயிற்சி கொடுப்பவர்களை மட்டும் சக நிபுணர்களைக் கொண்டு மதிப்பிட்டு ஒரு பட்டியலில் சேர்க்கிறது.

ஆகவே "சான்றளிக்கப்பட்ட ஆக்ட் நிபுணர் ஆகுங்கள்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால், அது அந்தத் தனி நிறுவனம் தானே அச்சடித்துத் தரும் காகிதம் என்று புரிந்துகொள்ளுங்கள். அப்படிப்பட்ட படிப்புகள் எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. அந்தப் பட்டத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று பெயர்ப்பலகை வைக்க இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்சிஐயில், பதிவு வேண்டும். எத்தனை ஆக்ட் பட்டறை முடித்தாலும் அந்தப் பதிவுக்கு ஈடாகாது. உங்கள் பட்டமும் பதிவும் அனுமதிக்கிற வேலைக்குள் நின்று பயன்படுத்த ஒரு புதிய முறை கிடைக்கிறது என்பதே சரியான எதிர்பார்ப்பு.

ஆர்சிஐ பதிவு உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புதுப்பிக்கும்போது காட்ட வேண்டிய தொடர்கல்விப் புள்ளிகள், ஆர்சிஐயிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிய நிகழ்ச்சிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். வெளிநாட்டுத் தளங்கள் விளம்பரத்தில் போடும் "தொடர்கல்வி மணிநேரம்" அமெரிக்க உரிமத்துக்கானது. சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தக் கட்டத்தில் டிக் அடிக்காதீர்கள். நான் அடித்தேன், அந்தப் பணம் வீணாயிற்று.

2. இரண்டு வாரம் இலவசமாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் மன அழுத்த நேரத்தில் முக்கியமானதைச் செய்வது பற்றி ஒரு படவிளக்கக் கையேடு வெளியிட்டது. ஆக்ட் முறையை அடிப்படையாகக் கொண்டது. அவர்கள் இணையதளத்தில் ஆங்கிலப் பிரதியை ஒலிப்பதிவோடு இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். உகாண்டாவில் இருந்த தெற்கு சூடான் அகதிப் பெண்களிடம் சோதித்துப் பார்த்த ஐந்து அமர்வுத் திட்டத்தோடு சேர்ந்து வந்த புத்தகம் இது. படமும் நாலு வரியுமாகத்தான் இருக்கும், ஒரே மாலையில் வாசித்துவிடலாம். வாசிப்பதோடு நிறுத்தாமல், அதிலுள்ள பயிற்சிகளைப் பத்து நாள் நீங்களே செய்து பாருங்கள். பத்தாவது நாளும் "இது எனக்கு ஒட்டவில்லை" என்று தோன்றினால் பயிற்சிக் கட்டணம் மிச்சம்.

கூடவே ஆறு செயல்முறைகளின் பெயரும் பழகிவிட வேண்டும். பயிற்சியாளர் முதல் மணி நேரத்திலேயே ஓர் அறுகோணத்தை வரைந்துவிடுவார். வலிக்கும் உணர்வுக்கு இடம் கொடுத்தல், எண்ணத்திலிருந்து விலகி நின்று அதைப் பார்த்தல், இந்த நொடியில் இருத்தல், கவனித்துக்கொண்டிருக்கும் நான், விழுமியங்கள், செயலில் இறங்குதல் என்பவை அந்த ஆறு முனைகள். ஆறும் சேர்ந்ததை உளவியல் நெகிழ்வு என்பார்கள். அறிகுறியைக் குறைப்பதை ஆக்ட் நேரடி இலக்காக வைத்துக்கொள்வதில்லை. அறிகுறி இருக்கும்போதே வாழ்க்கை நகர வேண்டும் என்பதுதான் நோக்கம். அறிவுசார் நடத்தைச் சிகிச்சையில் பழகியவர்களுக்கு முதலில் இடறுவது இந்த இடம். எண்ணம் சரியா தவறா என்று ஆதாரம் தேடிப் பழகிய கை, அதை அப்படியே விடச் சொன்னால் தவிக்கும்.

3. எந்தப் பயிற்சி என்று தேர்ந்தெடுப்பது

அறிமுக நிலை, இடைநிலை, மேல்நிலை என்று மூன்றாகப் பிரிப்பது பொதுவான வழக்கம். பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். "தீவிரப் பயிற்சி முகாம்" என்று ஓரிடத்தில் போடுவது அறிமுகமாக இருக்கும், இன்னோரிடத்தில் ஓராண்டு அனுபவம் உள்ளவர்களுக்காக இருக்கும். நான் முதலில் பணத்தை விட்டது இப்படித்தான். அறிவிப்பின் கடைசிப் பத்தியில் முன்தகுதி எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை.

பணம் கட்டும் முன் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி இந்த ஐந்தையும் கேளுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், எழுத்தில் பதில் இருப்பது நல்லது.

மொத்தம் எத்தனை பேர், நேரடி நேரம் எத்தனை மணி? நாற்பது பேருக்கு மேல் போனால் பயிற்சியாளர் உங்கள் பெயரைக்கூடக் கேட்கமாட்டார். அறிமுகத்துக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது வேண்டும்.

இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் க்ளையன்ட்டாக நடிக்க மற்றவர் பேசிப் பழகும் ரோல் ப்ளே எத்தனை முறை? "நேரம் இருந்தால்" என்று பதில் வந்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

பயிற்சியாளர் எங்கள் கண் முன்னால் ஓர் அமர்வைச் செய்து காட்டுவாரா?

முடிந்தபின் சூப்பர்விஷன், அதாவது அனுபவமுள்ள ஒருவர் நம் அமர்வுகளைப் பார்த்து வழிகாட்டுவது, உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா?

வர முடியாமல் போனால் பணம் திரும்புமா, பதிவு கிடைக்குமா? செய்முறை உள்ள பட்டறைகளைப் பெரும்பாலும் பதிவு செய்யமாட்டார்கள். பங்கேற்பவர்கள் சொந்தக் கதை பேசுவார்கள் என்பதால் அது நியாயம்தான். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்துச் சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

நேரில் போவதா, ஆன்லைனா? கட்டணம் கையைக் கடிக்கவில்லை என்றால் அறிமுகப் பயிற்சியை நேரில் செய்யுங்கள் என்பேன். பெங்களூரு, சென்னை போய்வர ரயில் செலவும் இரண்டு இரவுத் தங்கலும் ஆகும், ஆனால் எதிரில் ஒரு மனிதர் கண்ணீரோடு உட்கார்ந்திருக்கும்போது அமைதியாக இருக்கப் பழகுவது திரையில் வராது. ஆன்லைன்தான் வழி என்றால் ஆறு வாரம், வாரம் இரண்டு மணி நேரம் என்று பரவிய படிப்பை எடுங்கள். நடுவில் கிடைக்கும் ஆறு நாளில் செய்து பார்க்கலாம். இரண்டு நாள் முழுக்கத் திரை முன்னால் இருந்தால் மூன்றாம் நாள் தலைவலிதான் நினைவிருக்கும்.

4. ஆவணங்கள்

இவற்றை ஒரே கோப்புறையில் பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள்: பட்டச் சான்றிதழ், இறுதி மதிப்பெண் பட்டியல், பதிவு இருந்தால் ஆர்சிஐ சான்றிதழ் அல்லது செவிலியர் மன்றப் பதிவு, அடையாள அட்டை, ஒரு பக்கத் தன்விவரம். மாணவர் என்றால் துறைத்தலைவரின் கையெழுத்தோடு கடிதம். மாணவர் கட்டணம் பாதியாகும் இடங்களும் உண்டு, ஆகவே அந்தக் கடிதத்துக்குத் துறை அலுவலகத்தில் அலைவது வீண் அல்ல. அரசு மருத்துவமனையிலோ அரசு உதவிபெறும் நிறுவனத்திலோ இருந்தால் பணிநேரத்தில் கலந்துகொள்ள எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஒரு மாதம் முன்னாலேயே விண்ணப்பியுங்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் தலைவலி ஒன்று. வெளிநாட்டுப் படிவங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து, இரண்டையும் நிரப்பாமல் நகரவிடாது. நான் கடைசிப் பெயரில் அப்பா பெயரை முழுதாக எழுதினேன். சான்றிதழில் அப்பா பெயர் பெரிதாகவும் என் பெயர் ஓரெழுத்தாகச் சுருங்கியும் வந்தது. என் பட்டத்தில் இருப்பதோ இனிஷியலோடு என் பெயர். அலுவலகத்தில் "இது உங்க சான்றிதழ்தானா?" என்று கேட்டார்கள். திருத்தி வாங்க ஐந்து மின்னஞ்சலும் மூன்று வாரமும் ஆயின. படிவத்தில் எது போட்டாலும், "சான்றிதழில் என் பெயர் இப்படி வர வேண்டும்" என்று பட்டத்தில் உள்ளபடியே தனியாக ஒரு வரி அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள்.

5. செலவு

என் கணக்கைத் தருகிறேன், உங்களுக்கு ஒரு மதிப்பீடு கிடைக்கும். இந்தியாவில் நடந்த இரண்டு நாள் அறிமுகப் பட்டறைக்கு 6,500 ரூபாய் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். கட்டும்போது 18% ஜிஎஸ்டி சேர்ந்து 7,670 ஆனது. விளம்பரத் தொகையில் வரி அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

வெளிநாட்டுப் படிப்பு என்றால் வேறு கணக்கு. ஓர் உதாரணம்: கட்டணம் 300 டாலர், டாலருக்கு 84 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25,200 ரூபாய். வங்கி நாணயமாற்றுக் கட்டணமாக 3.5% எடுத்தால் 882 ரூபாய், அந்தக் கட்டணத்தின் மேல் 18% வரி 159 ரூபாய். மொத்தம் 26,241. அதற்கு மேல் சில தளங்கள் கடைசித் திரையில் வரியும் சேர்க்கும்.

அட்டை விஷயம்: 2020க்குப் பிறகு நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது. வங்கிச் செயலியில் போய் நாமே திறக்க வேண்டும். முன்பதிவுச் சலுகை முடிகிற இரவு 11.40க்கு என் அட்டை மூன்று முறை மறுக்கப்பட்டது, எனக்கு இது தெரியாது. மறுநாள் கட்டணம் உயர்ந்துவிட்டது. பணம் கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால் திறந்து, வரம்பையும் உயர்த்திவையுங்கள். கட்டி முடித்ததும் மூடிவிடுங்கள்.

செலவைக் குறைக்க இரண்டு வழி உண்டு. ஏசிபிஎஸ் உறுப்பினர் கட்டணத்தை அவரவர் வசதிக்கேற்ப நாமே முடிவு செய்யலாம், ஒரு குறைந்தபட்சத் தொகை மட்டும் உண்டு. உறுப்பினர் ஆனால் பயிற்சித் தாள்கள், அளவுகோல்கள், காணொளிகள், சங்கத்தின் ஆய்விதழ் எல்லாம் திறக்கும். அந்தச் சிறு தொகைக்கு இவ்வளவு கிடைப்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய கொடை. வளரும் நாடுகளிலிருந்து உலக மாநாட்டுக்கு வர விரும்புவோருக்கு உதவித்தொகையும் தருகிறார்கள். இரண்டாவது வழி, கேட்பது. "எங்கள் ஊர் வருமானத்துக்கு இந்தக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை, சலுகை உண்டா?" என்று மூன்று வரி எழுதுங்கள். இந்தத் துறையில் அப்படிக் கேட்பதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. என் மூன்றாவது பயிற்சி அந்த மூன்று வரியால்தான் கிடைத்தது.

ரசீதை உங்கள் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ சரியாக வாங்குங்கள். நிறுவனம் திருப்பித் தருவதாக இருந்தால் ஜிஎஸ்டி எண்ணைப் பணம் கட்டும்போதே கொடுக்க வேண்டும். பின்னால் சேர்ப்பது கடினம்.

6. நேரம்

லண்டனில் காலை 9 என்றால் நமக்குக் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. நியூயார்க்கில் காலை 9 என்றால் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அங்கே ஒரு நாள் முழுக்க நடக்கும் பட்டறை இங்கே நள்ளிரவைத் தாண்டும். மறுநாள் காலை க்ளையன்ட் யாரையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சிட்னி நமக்கு நாலரை மணி நேரம் முன்னால், அவர்கள் கடிகாரத்தை முன்தள்ளும் மாதங்களில் ஐந்தரை. நம் ஊரில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க ஆஸ்திரேலிய வகுப்புகள் வசதி.

பொறி எங்கே என்றால், படிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறும். அக்டோபரில் தொடங்கி நவம்பருக்குள் நீளும் ஆறு வாரப் படிப்பில் சேர்ந்தால் நடுவில் ஒரு வாரத்திலிருந்து வகுப்பு ஒரு மணி நேரம் நகர்ந்திருக்கும். எல்லா வகுப்பையும் முதல் நாளே போன் நாள்காட்டியில் அவர்களுடைய நேர மண்டலத்திலேயே பதிந்துவிடுங்கள், போன் மாற்றிக்கொள்ளும்.

மொத்தத்தில் தேடத் தொடங்கிய நாளிலிருந்து உருப்படியாகப் பயன்படுத்தும் நாள் வரை ஆறரை மாதம் ஒதுக்குங்கள். படித்துப் பார்க்க இரண்டு வாரம், விசாரித்துப் பதிய ஒன்றரை மாதம், பயிற்சி ஆறு வாரம் வரை, பிறகு சூப்பர்விஷனோடு மூன்று மாதம்.

7. பயிற்சி நாட்களில்

குறிப்பெடுப்பதைக் குறையுங்கள். இது உங்கள் மீதே செய்து பார்க்கும் பயிற்சி.

மூன்றாவது பயிற்சியில் முதல் நாள் பதினொரு மணி இருக்கும். ஒரு சிறு அட்டையில் உங்களைப் பற்றி மனம் அடிக்கடி சொல்லும் மிகக் கடுமையான வரியை எழுதுங்கள் என்றார்கள். "உன்னால யாருக்கும் எதுவும் ஆகல" என்று எழுதினேன். அட்டையை முகத்துக்கு நேராக, மூக்கு தொடும்படி பிடிக்கச் சொன்னார்கள். எதிரில் இருந்த பெண் பேசினார், எனக்கு அட்டையின் வெள்ளைதான் தெரிந்தது. பிறகு கையை முழுக்க நீட்டித் தள்ளிப் பிடிக்கச் சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் தோள் வலித்தது, அப்போதும் அவர் சொன்னது காதில் ஏறவில்லை. கடைசியில் அட்டையை மடியில் வைக்கச் சொன்னார்கள். எழுத்து அப்படியே இருந்தது, வாசிக்கவும் முடிந்தது. ஆனால் எதிரில் இருந்தவரின் முகத்தை முதன்முறையாகப் பார்த்தேன். அவர் வலது கண்ணுக்குக் கீழே ஒரு சிறு மச்சம் இருந்தது. பத்து நிமிடமாக அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் நான் கவனிக்கவில்லை. இடம் கொடுத்தல் என்றால் என்ன என்று அதுவரை நாலு புத்தகம் சொல்லியும் புரியாதது எனக்கு அப்போது புரிந்தது.

இதிலிருந்து இரண்டு எச்சரிக்கை. முதலாவது, பயிற்சிக்கு உங்கள் வாழ்க்கையின் ஆகப்பெரிய காயத்தை எடுத்துப் போகாதீர்கள். பத்தில் நான்கு, ஐந்து அளவு வலிக்கும் விஷயம் போதும். இரண்டாவது, எந்தச் செய்முறையையும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கண்ணை மூடச் சொன்னால் திறந்தே வைத்திருக்கலாம். மறுக்கவிடாத பயிற்சியாளரிடமிருந்து வெளியே வந்துவிடுங்கள். அதிர்ச்சிக்கு உள்ளானவர்களிடம் நாமும் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

முதல் நாள் ஏழு கேள்வி உள்ள ஒரு படிவம் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண், கூட்டினால் 7 முதல் 49 வரை வரும். அதிகம் வாங்கினால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். இதில் எண் கூடக் கூட நெகிழ்வு குறைவு என்று பொருள். க்ளையன்ட் கோப்பில் தலைகீழாக எழுதிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

8. தமிழுக்குக் கொண்டுவருவது

எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். நாமேதான் செய்ய வேண்டும், பயிற்சி நடக்கும்போதே செய்ய வேண்டும். ரோல் ப்ளேயில் தமிழ் தெரிந்த ஒருவரோடு இணை சேர முடியுமா என்று முதல் நாளே ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள்.

முதல் ஆபத்து ஏற்பு என்ற சொல்லிலேயே இருக்கிறது. பயிற்சி முடிந்த இரண்டாவது வாரம், குடித்துவிட்டு அடிக்கும் கணவரோடு வாழும் ஒரு பெண்ணிடம், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன், "அந்த வேதனையை ஏத்துக்கப் பழகலாம்" என்றேன். அவர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எங்க அம்மாவும் இதத்தான் சொன்னாங்க, மாமியாரும் இதத்தான் சொன்னாங்க. நீங்களும் ஏத்துக்கோன்னுதான் சொல்றீங்களா மேடம்?" என்று கேட்டார். அன்றைக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆக்ட்டில் இடம் கொடுப்பது உள்ளே எழும் உணர்வுக்கு மட்டும்தான். அடிக்கும் கைக்கு, சம்பளம் தராத முதலாளிக்கு, சாதி சொல்லித் திட்டும் வாய்க்கு இடம் கொடுப்பது அதில் சேராது. நம் ஊரில் ஏத்துக்கோ, பொறுத்துக்கோ, அட்ஜஸ்ட் பண்ணு எல்லாம் ஒரே வீட்டுச் சொற்கள். அதனால் க்ளையன்ட்டிடம் அந்த வார்த்தையை நான் எடுப்பதே இல்லை. "அந்தப் பயம் வந்தா வந்து உக்காரட்டும். அத வெரட்டுறதுல இருக்குற பலத்த, போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்குறதுல போடுவோம்" என்று பேசினால் புரிகிறது. வன்முறை நடக்கும் வீட்டில் பாதுகாப்புத் திட்டம் முதலில், ஆக்ட் அதற்குப் பிறகு.

இதற்கு மாறாக, எண்ணத்திலிருந்து விலகிப் பார்த்தலுக்குத் தமிழே கைகொடுக்கிறது. "எனக்கு இப்படி ஓர் எண்ணம் வருகிறது என்று கவனிக்கிறேன்" என்று ஆங்கில வாக்கியத்தைப் பெயர்த்துச் சொன்னால் யாருக்கும் வாயில் வராது. ஆனால் நம் மக்கள் இயல்பாகவே "மனசு சொல்லுது", "மனசு கெடந்து அடிச்சுக்குது" என்றுதான் பேசுகிறார்கள். மனசு வேறு, நான் வேறு என்பது அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. "நான் உருப்பட மாட்டேன்" என்பவரிடம், "உங்க மனசு என்ன சொல்லுது? இத எத்தன வருஷமா சொல்லிட்டு இருக்கு?" என்று கேட்டால் போதும். ஒரே விதிவிலக்கு, காதில் குரல் கேட்பவர்களிடம் "மனசுக்குள்ள ஒரு குரல்" என்று பேசாதீர்கள், குழப்பிவிடும்.

உவமைகளை அப்படியே தூக்கிவராதீர்கள். இரு முனையிலும் விரலை நுழைக்கும் சீன மூங்கில் குழாயைப் பயிற்சியில் காட்டுவார்கள். இழுத்தால் இறுகும், உள்ளே தள்ளினால் தளரும். நம் ஊரில் அதை யார் பார்த்தார்கள்? நான் சொல்வது சீமைக்கருவேல முள். சேலை முந்தானை முள்ளில் மாட்டினால் வெடுக்கென்று இழுத்தால் கிழியும், செடிக்குக் கிட்டப் போய் நின்றால்தான் எடுக்க முடியும். கிராமத்திலிருந்து வருபவர்களிடம் பாதி சொல்லும்போதே தலையாட்டுவார்கள். ஓடையில் இலை மிதக்கும் காட்சிக்குப் பதிலாக, ரயில்வே கேட்டில் நின்றுகொண்டு கூட்ஸ் வண்டி போவதைப் பார்க்கச் சொல்கிறேன். எண்ணங்கள் பெட்டி பெட்டியாகப் போகும், எதிலும் ஏற வேண்டாம். பேருந்தும் பயணிகளும் என்ற உவமை மட்டும் மாற்றமே இல்லாமல் பொருந்துகிறது. பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் போகும் டவுன் பஸ், பின்னாலிருந்து நம் எண்ணங்களைப் போல நாலு பேர் கத்துகிறார்கள், டிரைவர் வண்டியை நிறுத்திச் சண்டைக்குப் போனால் பஸ் நகராது.

விழுமியம் என்று சொன்னால் பள்ளிக்கூட நீதிபோதனை வகுப்பு நினைவுக்கு வருகிறது, "உண்மை பேசணும், பெரியவங்கள மதிக்கணும்" என்று ஒப்பிப்பார்கள். சொந்த இறுதிச்சடங்கில் நம்மைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று கற்பனை செய்யச் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. பல வீடுகளில் அது அபசகுனம், முகம் வாடிவிடும். அதற்குப் பதில் அறுபதாம் கல்யாணத்தை எடுத்துக்கொள்கிறேன். பந்தலில் மகளிடம் மைக்கைக் கொடுக்கிறார்கள், எங்கம்மா எப்படிப்பட்டவங்க என்று அவள் என்ன சொல்ல வேண்டும்? இதற்குப் பதில் வருகிறது. "பிள்ளைய டாக்டர் ஆக்கணும்" என்று வந்தால் அது இலக்கு. "ஆனாலும் ஆகாட்டியும் அவன்கிட்ட எப்படிப்பட்ட அப்பாவா இருக்கணும்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். அதோடு, சொல்வது அவர் ஆசையா, குடும்பம் சொல்லிக்கொடுத்ததா என்று அவசரப்படாமல் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தாலும் தப்பில்லை.

இன்னொரு இடம். இதுவரை செய்த முயற்சிகள் பலிக்கவில்லை என்று க்ளையன்ட்டே உணரவைக்கும் ஒரு கட்டம் ஆக்ட்டில் வரும். புதியவர்கள் அதைச் செய்யும்போது "எதுவும் பிரயோஜனம் இல்ல" என்ற தொனி வந்துவிடுகிறது. தற்கொலை எண்ணம் இருப்பவரிடம் இது ஆபத்து. "என்னென்ன செஞ்சு பாத்தீங்க? அப்போதைக்கு ஒதவுச்சா? நாள்பட என்ன ஆச்சு?" என்ற மூன்று கேள்வியோடு நிறுத்துங்கள். பலிக்காதது அந்த வழி, பலிக்காதவர் அவர் இல்லை என்பது உங்கள் குரலில் தெரிய வேண்டும்.

9. பயிற்சி முடிந்த பின் தொண்ணூறு நாள்

சான்றிதழ் வந்த அன்றே விசிட்டிங் கார்டில் ஆக்ட் என்று அச்சடிக்காதீர்கள். முதல் மாதம் இரண்டே இரண்டு பேரிடம் மட்டும் பயன்படுத்துங்கள். அவர்கள் நோய்நிலை சீராக உள்ளவர்களாக, உங்களிடம் ஏற்கெனவே நம்பிக்கை உள்ளவர்களாக இருக்கட்டும். நாள்பட்ட வலி உள்ளவர்கள் நல்ல தொடக்கம். ஆக்ட்டுக்கு ஆய்வுச் சான்று வலுவாக உள்ள இடங்களில் அது ஒன்று. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் 2021இல் வெளியிட்ட நாள்பட்ட வலி வழிகாட்டுதலில் இதைப் பரிசீலிக்கச் சொல்லியிருக்கிறது.

கூடப் படித்தவர்களில் மூன்று நான்கு பேரைச் சேர்த்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூடுங்கள். கடைசி வகுப்பு முடிந்து எல்லோரும் கையசைக்கும் முன்பே எண்களை வாங்கிவிட வேண்டும், ஒரு வாரம் போனால் யாரும் கிடைக்கமாட்டார்கள். பேசிக்கொண்டே இருக்காமல், ஒவ்வொரு முறையும் ஒருவர் பத்து நிமிடம் செய்து காட்ட, மற்றவர்கள் ஆக்ட் நேர்த்தி அளவுகோலில் மதிப்பெண் போடுங்கள். 25 கூறுகள் உள்ள இலவசப் படிவம் அது. ஆக்ட்டுக்குப் பொருந்தாத செயல்களையும் தனியாகக் கணக்கெடுக்கும். நான் முதல் மூன்று முறையும் ஒரே கட்டத்தில் மாட்டினேன்: க்ளையன்ட் அழுதவுடன் அவசரமாக ஆறுதல் சொல்லி அழுகையை மூடுவது. படிவம் இல்லாவிட்டால் அது என் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

அமர்வைப் பதிவு செய்து சூப்பர்வைசருக்குக் காட்டுவதானால் எழுத்து மூலமான ஒப்புதல் கட்டாயம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கப்படும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். யார் கேட்பார்கள், எத்தனை நாளில் அழிப்போம், மறுத்தாலும் சிகிச்சை தொடரும் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவை அனுப்பவே கூடாது.

சூப்பர்விஷனுக்கு மாதம் ஒரு மணி நேரமாவது பணம் ஒதுக்குங்கள். நான் மூன்று பேர் சேர்ந்து ஒரு மணி நேரத்தைப் பகிர்ந்துகொள்கிறேன், தலைக்கு 700 ரூபாய் ஆகிறது. அடுத்த நிலைப் பயிற்சிக்கு என்று அந்தப் பணத்தைச் சேர்த்துவைக்க நினைப்பீர்கள். தொண்ணூறு நாள் முடியும்வரை அடுத்த பயிற்சிக்கான எந்த அறிவிப்பையும் திறக்காதீர்கள். அதற்குப் பிறகு, உங்கள் குழுவில் யாராவது ஒருவர் மதிப்பெண் படிவத்தைப் பார்த்து "இப்ப இடைநிலைக்குப் போகலாம்" என்று சொன்னால் பதிவு செய்யுங்கள்.